காவியும் அரிதாரமும்

1188, நவம்பர் 11. புனித மார்ட்டின் திருநாள்

பாவசங்கீர்த்தனம் கேட்க வரும் பாதிரியார் எக்பெர்ட் இன்றும் தூங்கிவிட்டார். மூன்று பாவங்களைச் சொல்லி முடித்து நாலாவதைத் தொடங்குகிறேன், உள்ளேயிருந்து குறட்டை. பாவமன்னிப்பை எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன். இனி அந்த மனிதரிடம் வாயை வலிக்கவைத்துக்கொள்ளப் போவதில்லை. ஏடு வெட்டும்போது மிஞ்சுகிற தோல் ஓரங்கள் ஒரு கூடை கிடக்கின்றன. அதில் எழுதிவைக்கிறேன்.

நான் ஒடிலியா. லிண்டன்ரோடா கன்னியர் மடத்தின் தலைவி. பிரபு வீட்டில் பிறந்து, ஏழு வயதில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டு, ஐம்பத்தெட்டு வயதாகிறது. பதினேழு வருடமாகத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது பெண்களின் சிணுங்கலைக் கேட்கிறேன். ஆண்டவர் என்னை வேறு எதற்குப் படைத்தாரோ தெரியாது, புத்தகங்களுக்குப் படம் தீட்டப் படைத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

ஈஸ்டருக்கு ஆயர் வருகிறாராம். கோவிலின் புதுப் பீடத்தை அர்ச்சித்து வைப்பார். அன்று அவர் கையில் ஒரு நற்செய்தி நூல் கொடுக்க வேண்டும். முதல் ஏட்டில் மாதா, அவள் காலடியில் மண்டியிட்டபடி நான். அதை நானேதான் தீட்ட வேண்டும். மாதாவின் முகத்தைப் பிரபு குலத்துக் கை மட்டுமே தொடலாம் என்று இந்த மடத்தை நிறுவிய அம்மையார் விதி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் மடத்தில் பிரபு குலத்துப் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னைத் தவிர எல்லாரும் பூப்பின்னல் போடத்தான் லாயக்கு.

எழுத்து வேலை மெக்தில்டாவுடையது. எனக்கு அடுத்த பதவி அவளுக்கு. மகா பரிசுத்தவதி, வாயைத் திறந்தால் செபம். அவள் எழுத்து வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி. தோலை மிச்சம் பிடிக்கிறாள் போலிருக்கிறது. கேட்டால் எப்போதும்போலத்தான் எழுதுகிறேன் என்று சாதிக்கிறாள். மெழுகுவர்த்தி செய்கிறவர்களும் ஏமாற்றுகிறார்கள். ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் ஒரே புகை மூட்டம்.

நவம்பர் 14

யூத்தாவைப் பற்றி எழுத வேண்டும், எரிச்சலாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நகரத்துச் சாயக்காரன் ஒருவனின் விதவை. ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை நீலம் ஊறிப்போன கைகள், தேய்த்தாலும் போகாது. புருஷன் செத்ததும் கொழுந்தன் சாயத்தொட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிட்டான். எட்டு வருடத்துக்கு முன் வேலைச் சகோதரியாக இங்கே வந்தாள். வேலைச் சகோதரிகள் துவைப்பார்கள், சமைப்பார்கள், பன்றி மேய்ப்பார்கள். இவளுக்கு வண்ணம் தெரியும் என்பதால் வரைகூடத்தில் அரைக்கச் சொன்னேன். அது நான் செய்த சலுகை. அவள் அதைப் பதவி என்று நினைத்துக்கொண்டாள்.

வண்ணங்களைச் சிப்பிகளில் குழைத்து வைப்பது வழக்கம். மற்றவள் யாராக இருந்தாலும் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள், நான் எடுத்துக்கொள்வேன். இவள் சிப்பிகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, நான் கை நீட்டும் முன்பே ஒவ்வொன்றாக நீட்டுகிறாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. இன்று, சிப்பியை மேசையில் வை, எனக்குக் கை இருக்கிறது என்றேன். வைத்தாள். வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். திமிர் பிடித்தவள்.

நவம்பர் 25. புனித கத்தரீனம்மாள் திருநாள்

நற்செய்தி எழுதியவர்களுக்கு ஆளுக்கொரு அடையாளப் படம் உண்டு, மத்தேயுவுக்கு வானதூதர், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை. மத்தேயுவின் வானதூதர் முடிந்தது. நேற்று மாலை விட்டபோது இறக்கை சற்றுக் கோணலாக இருந்த மாதிரி தோன்றியது. இன்று காலை மெக்தில்டா பார்த்துவிட்டு, இறகு இறகாக எண்ணலாம் போலிருக்கிறது என்றாள். வண்ணம் உலரும்போது தானே ஒழுங்காகிவிடுகிறது. நாற்பது வருடம் பழகிய கைக்கு அப்படித்தான் நடக்கும்.

டிசம்பர் 4

யூத்தாவுக்குக் காய்ச்சல். படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். கிடக்கட்டும். ஆனால் படுக்கையிலிருந்து எனக்கு ஆணை அனுப்புகிறாள்! மெக்தில்டா கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். தான் எழுந்து வரும்வரை மஞ்சளை மட்டும் தொட வேண்டாம், தாயார் தயவு செய்து காத்திருக்க வேண்டும் என்று யூத்தா சொல்லச் சொன்னாளாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலமாரியில் இரண்டு மஞ்சள் இருக்கின்றன. ஒன்று காவி மஞ்சள், வெறும் மண், சாது. இன்னொன்று அரிதாரம், நஞ்சுக் கல். தங்கம் போல மின்னும், ஆனால் ஈய வெள்ளையோடு சேர்த்தால் சில வாரத்தில் வெள்ளையைக் கரியாக்கிவிடும். இது நான் பத்து வயதில் படித்த பாடம். சாயத்தொட்டி கிளறியவள் எனக்குச் சொல்லித் தருகிறாள்.

மாதாவின் முகத்தை இன்றே எடுத்தேன். ஈய வெள்ளை, அதில் கொஞ்சம் காவி மஞ்சள், ஒரு துளி சாதிலிங்கச் சிவப்பு. மனிதத் தோலின் நிறத்துக்கு இதுதான் கணக்கு. அலமாரியைத் திறந்து நானே எடுத்தேன், நானே குழைத்தேன். பக்கத்தில் ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டு நிற்காமல் வேலை செய்வது எவ்வளவு நிம்மதி.

டிசம்பர் 6. புனித நிக்கோலாஸ் திருநாள்

முகம் முடிந்தது. மெக்தில்டா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பேச்சற்று நிற்கவைப்பது சுலபமில்லை.

டிசம்பர் 24

பாடற்குழு ஒத்திகை. வாத்துகள் தேவலாம்.

1189, ஜனவரி 6. மூன்று இராசாக்கள் திருநாள்

மதியம் மெக்தில்டா வரைகூடத்துக்குக் கூப்பிட்டாள். முதல் ஏட்டை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டிருந்தாள். மாதாவின் முகத்தைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். கன்னத்தில் லேசாக நிழல் விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நிழல்தானே, முகத்துக்கு நல்லது என்றேன்.

"நெழல் இல்ல, தாயாரே. கறுத்துப்போச்சு. நெத்தியிலேர்ந்து தாடை வரைக்கும், அடுப்புச் சட்டி மாதிரி."

என் வாழ்நாளில் என் கையிலிருந்து ஒரு முகம் கறுத்ததில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? காவி ஜாடியில் அரிதாரத்தைக் கொட்டி வைத்திருக்கிறாள் அந்தச் சாயக்காரி. காய்ச்சல் வருவதற்கு முன்னால் ஜாடிகளைக் கடைசியாகத் தொட்டவள் அவள்தான். மஞ்சளைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியது ஏன் என்று இப்போது புரிகிறது. தான் செய்த தப்பு அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 7

தினமும் காலையில் எங்கள் மடத்தில் குற்றக் கூட்டம் நடக்கும். தப்பு செய்தவள் நடுவில் வந்து தரையில் மண்டியிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மற்றவள் எழுந்து சொல்லலாம். தலைவி நாற்காலியில் இருந்து தண்டனை சொல்வாள். தலைவி மட்டும் மண்டியிட வேண்டியதில்லை. பதினேழு வருடமாக நான் மண்டியிட்டதில்லை.

இன்று யூத்தாவை அழைத்தேன். காய்ச்சலில் இளைத்திருந்தாள். ஜாடியை மாற்றியது நீதானே என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், மெக்தில்டாவைப் பார்த்தாள், பிறகு தன் தப்புதான் என்றாள். ஒரு வார்த்தை வாதாடவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். முதுகெலும்பே கிடையாது.

பன்றிக் கொட்டிலுக்கு அனுப்பினேன். ஈஸ்டர் முடிந்ததும் மடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றேன். கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நிற்கட்டும். அதைக் கேட்டபோதுதான் அவள் முகம் ஆடிப்போனது. வெளியே அனுப்பினால் தெருவில் கிடப்பேன், அதுகூடப் பரவாயில்லை என்றாள். பிறகு சொன்னாள்:

"எத்தன பன்னி வேணும்னாலும் மேய்க்கிறேன், தாயாரே. பட்டினி போடுங்க. அந்த அறைய விட்டு மட்டும் என்னை அனுப்பிடாதீங்க. அது இல்லாட்டி எனக்கு ஒண்ணும் இல்ல."

அறையாம். அவளுக்கு அங்கே என்ன வேலை, அரைப்பதைத் தவிர? கூட்டத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். யாரென்று பார்க்கத் திரும்பினேன், முகங்கள் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கூடத்தின் ஜன்னல்களை யாரும் துடைப்பதே இல்லை.

ஜனவரி 19

புதிய ஏடு, முதலிலிருந்து. கறுத்ததைச் சுரண்டிப் பார்த்தேன், தோலே கிழிந்தது. ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு வாரம்.

அரைக்க இரண்டு பிரபு வீட்டுச் சகோதரிகளை வைத்தேன். ஒருத்திக்கு நகம் உடைந்ததாம். இருவரையும் விரட்டிவிட்டு நானே அரைக்கிறேன். நீலக்கல் விற்கிறவனும் மோசக்காரன். போன வருடம் வானம் போல இருந்த நீலம் இந்த வருடம் சாம்பல் போல இருக்கிறது. மெக்தில்டாவிடம் காட்டினேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். அவளுக்கு எதுவுமே நன்றாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 2. காணிக்கைத் திருநாள்

ஜாடி இரண்டையும் நானே கழுவினேன். காவி, அரிதாரம் இரண்டையும் புதிதாக வாங்கி, விற்றவன் பையிலிருந்து நானே எடுத்து நிரப்பி, நானே அலமாரியில் வைத்தேன். சாவி என் இடுப்பில். இந்த முறை மாதாவின் முகத்தில் வேறு எவள் விரலும் படவில்லை.

பிப்ரவரி 20

மறுபடியும் கறுத்துவிட்டது.

மெக்தில்டாதான் வந்து சொன்னாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். அலமாரியைத் திறந்து இரண்டு ஜாடிகளையும் மேசையில் வைத்தேன். எது காவி என்று சொல்லு என்றேன். உடனே ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். ஜாடிகளை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி வைத்தேன். மறுபடியும் உடனே காட்டினாள். மூன்றாம் முறையும் அப்படியே. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். மூக்கு ஜாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பழைய துணி நிறத்தில் இரண்டு குவியல்.

என் கண் இப்படி என்று எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ரெண்டு வருஷமாக எல்லாருக்கும் தெரியும் என்றாள். சொல்லக் கூடாது என்று யூத்தா ஒவ்வொருத்தியையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாளாம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட வேறொன்றும் பேசவில்லையாம், மஞ்சள் மஞ்சள் என்றே பிதற்றினாளாம். குற்றக் கூட்டத்தில் மெக்தில்டா எழுந்து உண்மையைச் சொல்லப் போனபோது, வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தாளாம்.

இரண்டு வருடம். நான் ஜன்னலைத் திட்டினேன், மெழுகுவர்த்தியைத் திட்டினேன், மெக்தில்டாவின் எழுத்தைத் திட்டினேன். இவர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவமானமாக இருக்கிறது. குற்றமில்லாதவளைப் பன்றிக் கொட்டிலுக்கு அனுப்பியதைவிட இதுதான் முதலில் வலித்தது என்பதையும் எழுதிவைக்கிறேன், பாதிரியார்தான் தூங்குகிறாரே.

பிப்ரவரி 22. சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு பன்றிக் கொட்டிலுக்குப் போனேன். சகதியில் கால் புதைந்தது. யூத்தா தீனித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை. ஏன் தப்பை ஒப்புக்கொண்டாய் என்றுதான் கேட்டேன். என் மேல் வைத்த அன்பினால் என்று சொல்லியிருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க நாற்காலில இருக்கற வரைக்கும்தான் அந்த அறை எனக்கு, தாயாரே. உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா உங்கள எறக்கிருவாங்க. வேற யாரு வந்தாலும் என்னை உள்ள விடுவாங்களா? நீங்க கோணலா விட்டுட்டுப் போறத நான் காலையில மொத வெளிச்சத்துல நேராக்கிருவேன். மத்தேயுவோட வானதூதர் ரெக்க என்னோடது. காளைக் கொம்பு என்னோடது. நெறைய என்னோடது."

 வண்ணம் உலரும்போது தானே ஒழுங்காகிறது என்று எழுதியவள் நான். இதே தோல் துண்டில்தான் எழுதியிருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்த மறைமாவட்டத்தில் இல்லை, ஆயரைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

வெளியேற்றத் தண்டனை ரத்து, திரும்பி வா, அரைத்துக் கொடு என்றேன். அரைக்க வர மாட்டாளாம். மாதாவின் முகம் வேண்டுமாம்.

விதி என்ன தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். உன் கையில் சாயம் ஊறியிருக்கிறது என்றேன். ஆமாம் என்றாள். இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை அவிழ்த்து அந்தக் கையிலேயே வைத்தேன்.

மார்ச் 8

வரைகூடத்தை உள்ளே தாழ் போட்டுக்கொண்டோம். தலைவி தவக்காலத் தியானத்தில் இருப்பதாக மெக்தில்டா வெளியே சொல்லிவிட்டாள். பொய் சொன்னதற்காக மூன்று நாள் உபவாசமாம், பைத்தியக்காரி.

சிப்பிகளை நான் நீட்டுகிறேன். எது எது என்று யூத்தாவே சொல்லிக் கொடுக்கிறாள், இடமிருந்து மூன்றாவது, வலமிருந்து முதலாவது என்று. நாற்பது வருடப் படைப்பாளி இப்போது சிப்பி நீட்டுகிறவள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வேலை ஓடிக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டேன்.

மார்ச் 21

அவளுக்கு மூக்கு வரையத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்து, இன்னும் உனக்கு வரவில்லை என்றேன். ஐந்து முறை. ஆறாவது முறை அடுத்த சிப்பியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 30

முடிந்தது. எனக்குத் தெரிவதெல்லாம் வெளிச்சமான ஒரு வட்டம், அதற்குள் இரண்டு இருட்டு. முகம் எப்படி இருக்கிறது என்று மெக்தில்டாவைக் கேட்டேன். ஏட்டை ஜன்னலோரம் கொண்டுபோனாள். பிறகு, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்த பெண்ணின் முகம் போல இருக்கிறது, மாதா அப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை என்றாள்.

எனக்கும் தோன்றியதில்லை. நான் வரைந்த மாதாக்கள் எல்லாரும் என் அம்மாவைப் போல இருப்பார்கள். நாற்காலியை விட்டு எழவே மாட்டார்கள்.

ஏப்ரல் 9. ஈஸ்டர்

அர்ச்சிப்பு முடிந்தது. ஆயர் பீடத்தில் எண்ணெய் தடவியதைவிட விருந்தில் ஆட்டுக் கொழுப்பை அதிகம் தடவிக்கொண்டார். அந்தக் கையாலேயே புத்தகத்தைத் திறந்தார். நடப்பதையெல்லாம் மெக்தில்டா என் காதில் ஓதிக்கொண்டிருந்தாள். லூக்காவின் காளையைப் பார்த்து, மாற்குவின் சிங்கம் அருமை என்றார். அவருடன் வந்த குருக்கள் எல்லாரும் சிங்கம் அருமை என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சத்தியமாக இருந்தேன்.

பிறகு முதல் ஏட்டுக்கு வந்தார்.  நாற்பது சகோதரிகளும், சுவரோரம் வேலைச் சகோதரிகளும் நிற்கிறார்கள். யூத்தா கதவருகில், கையில் தண்ணீர்க் குடத்தோடு. ஆயர் எல்லாரையும் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இதுதான் ரத்தத்தின் மகிமை என்றார். எட்டுத் தலைமுறை பிரபுக்கள் வாழ்ந்தால்தான் ஒரு முகத்தில் இப்படிச் சாந்தம் இறங்கும் என்றார். கூலிக்காரக் கை கோடு இழுக்கலாம், கிருபையை இழுக்க முடியாது என்றார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னார்.

சும்மா இருந்திருக்கலாம். தலையைக் குனிந்து நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் காளைக்கும் சிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதர், கொழுப்புப் பெருவிரலை அந்தக் கன்னத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறார். என்னால் முடியவில்லை.

"அந்த முகத்த வரஞ்சது அதோ நிக்கிறாளே யூத்தா, அவ. சாயக்காரன் விதவை, பன்னி மேய்க்கிறவ. எனக்குக் கண்ணு தெரியாது, ஆண்டகையே. உங்களுக்குத் தெரியுது, ஆனா ஒரு பிரயோஜனமும் இல்ல."

அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பல வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஏப்ரல் 11

ஆயரின் தீர்ப்பு. ஒன்று, குருடியும் வாய்த்துடுக்கும் ஆனவள் தலைவியாக இருக்க முடியாது, என் இடத்தில் மெக்தில்டா. இரண்டு, வேலைச் சகோதரி எவளும் இனி வரைகூடத்து வாசற்படியை மிதிக்கக் கூடாது. மூன்று, மாதாவின் முகத்தைத் துணிந்து தொட்ட பெண் ஈஸ்டர் கழிந்து நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்றத் திருநாளுக்குள் மடத்தை விட்டு வெளியேற வேண்டும். புத்தகம் தீட்டுப்பட்டது, அவருக்கு வேண்டாம்.

நாற்காலி போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அது முதுகு வலிக்கிற நாற்காலி. யூத்தாவைத் தேடிப் போனேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேனா? நினைத்தேன். எழுதிவைக்கிறேன், நினைத்தேன். ஆயர் முன்னால் உன் பெயரைச் சொன்னேன், பார்த்தாயா என்றும் கேட்டேன்.

அவள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்காகச் சொன்னீங்க? எம்பேர நான் கேட்டேனா? அந்தாளு என்ன வேணா ஒளறிட்டுப் போயிருப்பாரு. மக்கா நாளு காலையில நான் உக்காந்து அடுத்த ஏட்ட எடுத்திருப்பேன். உங்க வாய்க்கு ருசியா இருந்துச்சு, சொன்னீங்க. இப்ப என் கை போச்சு."

வாசற்படியைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன்.   வெட்கமாக இருந்தது. கண் தெரியாமல் போனதற்கு வந்த அவமானம் வேறு, இது வேறு.

ஏப்ரல் 15

இன்று குற்றக் கூட்டத்தில் முதல் முறையாக மண்டியிட்டேன். தரை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியாது. குற்றமற்றவள் மேல் பழி போட்டேன் என்றேன். மெக்தில்டா புதுத் தலைவி, எனக்குத் தண்டனை சொல்ல வேண்டும். மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று முனகினாள். நானாக இருந்தால் நாற்பது நாள் கொடுத்திருப்பேன். அவளுக்கு நாற்காலி சரிப்படாது.

ஏப்ரல் 16

வழி இருக்கிறது. அசிங்கமான வழி. இரண்டு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நான் ஆயரிடம் சொன்னது பொய்யென்று ஆகிவிட்டால், முகத்தைத் தொட்டவள் யூத்தா இல்லை. தொடாதவளை வெளியேற்ற முடியாது. எனக்குக் கண் தெரிகிறது என்றும் சொல்லிவிட்டால், வண்ணம் அரைக்க ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

ஏப்ரல் 17

நான் சொல்ல, மெக்தில்டா எழுதினாள். பொய் என்று தெரிந்தே எழுதினாள், அதுவும் அவள் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்திலாம். நகலை இங்கே வைக்கிறேன்:

"மேன்மைமிகு ஆண்டகைக்கு, பாவியான ஒடிலியா காலில் விழுந்து எழுதுவது. ஈஸ்டர் அன்று நான் சொன்னது பொய். தாழ்மையுள்ளவள் என்று பிறர் புகழ வேண்டும் என்ற ஆசையில், என் வேலையை ஒரு கூலிக்காரி மேல் ஏற்றிச் சொன்னேன். அவள் வண்ணம் அரைத்தாள், அதற்குமேல் ஒன்றும் அறியாள். என் கண்ணில் குறை ஏதும் இல்லை. தங்கள் கூர்மையான பார்வை முதல் கணத்திலேயே கண்டுகொண்டது சரி. அந்த முகத்தை என் ரத்தமே வரைந்தது."

'கூர்மையான பார்வை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மெக்தில்டா பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன்.

மே 12

பதில் வந்துவிட்டது. மெக்தில்டா படித்துச் சொன்னாள். ஆயருக்கு அப்போதே தெரியுமாம்! அத்தனை உயர்ந்த முகத்தைக் கூலிக்கை வரைந்தது என்றபோதே பொய்யென்று உணர்ந்தாராம், என் மனந்திரும்புதலுக்காக மௌனமாகக் காத்திருந்தாராம். மௌனமாக! மூன்று தீர்ப்பு எழுதிய மௌனம்.

நாற்காலி மெக்தில்டாவிடமே இருக்கும். பொய் சொன்ன குற்றத்துக்காக வருடம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் நான் கோவில் வாசலில் மண்டியிட்டு, வருகிற போகிறவர்களிடம் நான் பொய்க்காரி என்று சொல்ல வேண்டும். புத்தகத்தை அவர் ஏற்றுக்கொள்வார். சாயக்காரன் விதவை அரைக்கும் வேலையில் இருந்துகொள்ளலாம், கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலை செய்வதும் என் விருப்பம். இன்னும் ஒரு புத்தகம், அவர் சகோதரிக்காக. இத்தனைக்கும் ஒரே நிபந்தனை. மறுபடி ஐயம் எழாதபடி, மாதாவின் முகத்துக்குக் கீழே என் கையாலேயே என் பெயரை எழுதி அனுப்ப வேண்டும்.

யூத்தா மூட்டையை அவிழ்த்தாள். பெயர் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எழுதிட்டுப் போங்க, அடுத்த புத்தகத்துக்குத் தோல் வந்துச்சா என்று கேட்டாள்.

மே 14

வரைகூடம். கதவு தாழிட்டிருக்கிறது.

என் தூரிகையில் சிவப்பைத் தோய்த்துக்கொண்டேன். எட்டு வருடம் சாதிலிங்கம் அரைத்தவள் அரைத்த சிவப்பு. இடது கைவிரலால் ஏட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, அந்த முகத்துக்குக் கீழே எழுதினேன்: ஒடிலியா இதை வரைந்தாள். மூன்றே சொல். நான் எழுதியதிலேயே கேவலமான வாக்கியம் இதுதான். ஆயரின் கடிதத்துக்குக்கூட இவ்வளவு கூசவில்லை. வாசலில் மண்டியிட்டு நான் பொய்க்காரி என்று சொல்லும்போது, இனி அதுவாவது உண்மையாக இருக்கும்.

எழுத்து நேராக இருக்கிறதா என்று யூத்தாவைக் கேட்டேன்.  இன்னொரு முறை கேட்டேன். புதுப் புத்தகத்தில் மாற்குவின் சிங்கத்துக்குப் பிடரிமயிர் போட்டுக்கொண்டிருக்கிறாள், தலையைத் தூக்கவே இல்லை.